லைக் வேறு, ஆர்டர் வேறு

2019 மே மாதம் அமெரிக்காவில் ஓர் இளம் இன்ஸ்டாகிராம் பிரபலம் சொந்தமாக டி-ஷர்ட் விற்கத் தொடங்கினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ 26 லட்சம் பேர். தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதல் கட்டமாகக் குறைந்தது 36 உருப்படிகள் விற்க வேண்டும். அந்த 36 விற்கவில்லை. வாங்குவதாகச் சொன்னவர்கள் சொன்னதோடு நின்றுவிட்டார்கள் என்று அவரே வருத்தப்பட்டு எழுதினார். அந்தப் பதிவு உலகம் முழுக்கச் சுற்றியது. விற்பனை மட்டும் நகரவில்லை.

ஈரோட்டில் நைட்டி விற்பவர், திருச்சியில் வீட்டிலிருந்தே கேக் செய்பவர், தென்காசிப் பக்கத்திலிருந்து செக்கு எண்ணெய் அனுப்புபவர், கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்பவர் என்று சிறுதொழில் செய்யும் பலரோடு உட்கார்ந்து அவர்களுடைய இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "சார், ஃபாலோயரை எப்படி ஏத்துறது?" ஆர்டரை எப்படி ஏற்றுவது என்று கேட்பவர் அபூர்வம். முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் இவர்கள் செலவழிக்கும் பணத்தையும் இரவுத் தூக்கத்தையும் பார்த்தால் மனம் கனக்கிறது. ஏனென்றால் இவர்களில் பலருக்கு அந்தப் பணம் அடுத்த மாதக் குழுக் கடன் தவணை.

ஃபாலோயரை விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு இவ்வளவு, பத்தாயிரம் பேருக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலேயே விலைப்பட்டியல் வந்துவிடும். இந்தச் சந்தையின் அந்தரங்கத்தை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. டெவுமி என்ற நிறுவனம் 20 கோடிக்கு மேற்பட்ட ட்விட்டர் ஃபாலோயர்களை விற்றிருந்தது. அவற்றில் பல, உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயரையும் படத்தையும் எடுத்து ஒட்டிச் செய்த போலிக் கணக்குகள். 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 25 லட்சம் டாலர் தொகையில் தீர்வுக்கு வந்தது. நம் ஊர்ச் சிறு வியாபாரிக்கு இதில் வழக்கைவிடப் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. ஒரு பதிவைப் பார்த்தவர்கள் நின்று பார்க்கிறார்களா, பகிர்கிறார்களா, சேமித்து வைக்கிறார்களா என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் இன்ஸ்டாகிராம் அதை மேலும் பலருக்குக் காட்டுகிறது. போலிக் கணக்கு எதுவும் செய்யாது. பத்தாயிரம் ஊமைக் கணக்குகளைச் சேர்த்து வைத்தவர், தன் பதிவு யாருக்கும் பிடிக்கவில்லை என்று தானே காசு கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கிறார்.

"மூணு பேரை டேக் பண்ணுங்க, ஒரு புடவை இலவசம்" என்ற கிவ்அவே போட்டிகளும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கின்றன. வருகிறவர்கள் மனிதர்கள்தான், ஆனால் இலவசத்துக்கு வந்த மனிதர்கள். முடிவு அறிவித்த மறுநாளே பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் அடுத்த கிவ்அவே எப்போது என்று கமெண்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட ஆழமாக வேர் ஓடியிருக்கும் தவறான எண்ணம் ஒன்று உண்டு: ஒரே ஒரு வீடியோ வைரலாகிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

2020 அக்டோபரில் டெல்லி மால்வியா நகரில் ஒரு சின்னப் பெட்டிக்கடை உணவகம் நாடு முழுவதும் தெரிய வந்தது. 'பாபா கா தாபா'. காந்தா பிரசாத், பதாமி தேவி என்ற முதிய தம்பதி நடத்தியது. ஊரடங்கில் வியாபாரம் செத்துப்போய், பெரியவர் கண்ணீர் விட்ட வீடியோவை ஒரு யூடியூபர் வெளியிட, மறுநாள் கடை முன்னால் நீண்ட வரிசை. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் பகிர்ந்தார்கள். உதவித் தொகையும் வந்து சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே பெரியவர் மேசை நாற்காலி போட்ட புது உணவகம் திறந்தார். அடுத்த பிப்ரவரியில் அதை மூட வேண்டியதாயிற்று. வாடகை, மூன்று பேர் சம்பளம், சாமான், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் ஒரு லட்சம் ரூபாய் செலவு. விற்பனை 40,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். மறுபடி அந்தப் பழைய பெட்டிக்கடைக்கே திரும்பினார்கள்.

அந்தக் கூட்டம் பொய்யல்ல. மக்களின் இரக்கமும் பொய்யல்ல. ஆனால் டெல்லியின் மறுகோடியிலிருந்து ஒருமுறை வந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டவர், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வரமாட்டார். வாடகையைக் கட்ட வைப்பது செவ்வாய்க்கிழமை மதியம் வருகிறவர்தான்.

கூட்டம் வந்தால் லாபம் என்பதும் எப்போதும் சரியில்லை. 2011இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு சிறு பேக்கரி, குரூப்பான் தளத்தில் 75 சதவீதத் தள்ளுபடி அறிவித்தது. 26 பவுண்டு விலையுள்ள ஒரு டஜன் கப்கேக் ஆறரை பவுண்டுக்கு. சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 8,500 பேர் பதிவு செய்தார்கள். செய்ய வேண்டிய கப்கேக் 1,02,000. ஏஜென்சி மூலம் 25 ஆட்களைக் கூடுதலாகக் கூப்பிட்டு, இரவெல்லாம் சுட்டு, ஒவ்வொரு டஜனுக்கும் நஷ்டப்பட்டு, கடைசியில் அந்த ஆண்டு லாபம் முழுவதும் கரைந்தது. தள்ளுபடிக்கு எண்ணிக்கை வரம்பு போடாததுதான் காரணம். "முதல் 50 பேருக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கடை தப்பித்திருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சி கோயம்புத்தூர் பக்கம் வடிவேலம்பாளையத்தில் உண்டு. கமலாத்தாள் பாட்டி 1 ரூபாய்க்கு இட்லி விற்பது 2019 செப்டம்பரில் வீடியோவாகப் பரவியது. விறகடுப்பில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் எழுதினார். சமையல் எரிவாயு இணைப்பு வந்தது, 2022 அன்னையர் தினத்தன்று வீடும் கிடைத்தது. உலகமே திரும்பிப் பார்த்த பிறகும் பாட்டி இட்லி விலையை ஏற்றவில்லை, ஓட்டலும் கட்டவில்லை. காலையில் வேலைக்குப் போகிற கூலித் தொழிலாளிகள் எப்போதும்போல வந்து சாப்பிட்டார்கள். வீடியோ வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். வீடியோ போன பிறகும் இருந்தார்கள். அவருடைய சேவை மனப்பான்மை வியாபாரக் கணக்குகளுக்கு அப்பாற்பட்டது என்றாலும், யாருக்காகக் கடை என்பதில் அவருக்கிருந்த தெளிவு எந்த வியாபாரிக்கும் வேண்டியது.

நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் ஒன்றுக்கு ஒரு ஃபுட் விலாகர் வந்து போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரை பைக்குகள். தினமும் வருகிற வங்கி ஊழியர்களுக்கும் லாரி செட் ஆட்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. மட்டன் சுக்கா பன்னிரண்டரைக்கே தீர்ந்தது. அவசரத்தில் குழம்பு நீர்த்தது. சில வாரங்களில் புதுக்கூட்டம் வடிந்தபோது, பழைய ஆட்களில் சிலர் பக்கத்துத் தெருவில் வேறு கடைக்குப் பழகியிருந்தார்கள். விலாகரைக் கூப்பிடவே கூடாது என்று சொல்லமாட்டேன். கூப்பிடும் முன் மூன்றை ஏற்பாடு செய்துகொள்ளலாம்: கூடுதல் ஆள், கூடுதல் சரக்கு, தினசரி ஆட்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு மேசைகள். பணமோ இலவசச் சாப்பாடோ கொடுத்து வீடியோ எடுக்க வைத்தால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். மறைத்துப் பேசவைக்கும் பாராட்டால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

அடுத்தது, யார் பார்க்கிறார்கள் என்பது. திருச்சியில் கேக் செய்யும் அந்தப் பெண்ணின் ரீல்ஸ் ஒன்று நன்றாகப் பரவியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கணக்கின் இன்சைட்ஸ் பகுதியைத் திறந்து ஊர்வாரியாகப் பார்த்தபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோர் சென்னை, பெங்களூரு, கோலாலம்பூர். ஃப்ரெஷ் கிரீம் கேக்கை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே வெயில் காலத்தில் சவால். கோலாலம்பூரில் லைக் போட்டவரால் அவருக்கு ஒரு கிலோ ஆர்டர்கூட வராது.

அவர் செய்த மாற்றங்கள் சின்னவை. கணக்கின் பெயரிலேயே 'கேக், திருச்சி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தார். வீடியோவில் பேசும்போது தில்லைநகர், கே.கே.நகர், உறையூர் என்று டெலிவரி செய்யும் இடங்களை வாய்விட்டுச் சொன்னார். கேக் வாங்கிய குடும்பங்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், பிறந்தநாள் படத்தில் அவர்களை டேக் செய்தார். அந்தக் குடும்பத்தின் சொந்தபந்தம், அக்கம்பக்கம், பள்ளித் தோழர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். பார்வை எண்ணிக்கை குறைந்தது, விசாரிக்கிறவர்கள் கூடினார்கள். பதிவின் அடியில் வரிசையாக முப்பது ஹேஷ்டேக் ஒட்டும் பழக்கத்தையும் விட்டார். ஹேஷ்டேக் ஒரு பதிவின் பரவலைப் பெரிதாகக் கூட்டிவிடாது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே பலமுறை சொல்லிவிட்டார். இன்னமும் 'வைரல் ஹேஷ்டேக் லிஸ்ட்' விலைக்கு விற்கப்படுகிறது.

இந்த இடத்தில் கூகுள் மேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையைக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் பதிய ஒரு ரூபாய் செலவில்லை. "பக்கத்துல ஆரி ஒர்க்" என்று தேடுகிற பெண் ஏற்கெனவே வாங்கும் முடிவோடு இருக்கிறார். ரீல்ஸ் தள்ளிக்கொண்டு போகிறவர் பொழுதுபோக்கும் மனநிலையில் இருக்கிறார். ஆனாலும் தினமும் ரீல்ஸ் போடும் பல கடைகளின் மேப் பக்கத்தில் பழைய போன் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. கடை திறக்கும் நேரம்கூட இருக்காது.

வீடியோ சினிமா மாதிரி இருக்க வேண்டும் என்ற கவலையும் பலரை முடக்கிப்போடுகிறது. ரிங் லைட், கேமரா போன், எடிட்டிங் ஆள் என்று முதலீடு செய்த பிறகுதான் தொடங்குவேன் என்பவர்கள், சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் புடவை வியாபாரிகளின் வீடியோக்களைப் பார்க்க வேண்டும். தறி ஊர் அது. மொத்த வியாபாரிகள் டியூப்லைட் வெளிச்சத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாகப் பிரித்துக் காட்டுவார்கள். முந்தி இது, உடல் இது, பார்டர் இவ்வளவு அகலம், பிளவுஸ் உண்டா இல்லையா, என்ன நூல், என்ன விலை, கூரியர் தனியா சேர்த்தா. இசை கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் விற்கும் ரீசெல்லர் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் அதில் உண்டு. தமிழ்நாடு முழுக்க அந்தப் புடவைகள் போய்ச் சேருகின்றன.

இன்னொரு பக்கம், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு. ஆனால் முறுக்கு விற்கிறவர் அதைப் பார்த்து அதுபோலவே செய்யப் புறப்பட்டால் வழி தவறுகிறார். அவர்களுக்கு வீடியோதான் சரக்கு; மக்கள் பார்த்தாலே வருமானம். முறுக்குக்காரருக்கு முறுக்குதான் சரக்கு. லட்சம் பேர் ரசித்துப் பார்த்தும் யாரும் வாங்காத வீடியோ அவருக்கு ஒரு நாள் உழைப்பு போனதுதான். சினிமாப் பாட்டு போட்டால்தான் ஓடும் என்பதும் இதனோடு ஒட்டிக்கொண்டு வரும் எண்ணம். தொழில் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாட்டையும் அனுமதிப்பதில்லை. பாட்டின் உரிமை நம்மிடம் இல்லாதபோது வீடியோவின் ஒலி துண்டிக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். சொந்தக் குரலில் பேசிய வீடியோவுக்கு அந்த ஆபத்து இல்லை. வாங்குகிறவருக்கும் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தைரியம் வரும்.

விலையை மறைப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பழக்கம். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க சிஸ்" என்று எழுதினால் கமெண்ட் கூடும், பதிவு பரவும் என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கமெண்ட் கூடுவது உண்மைதான். நாள் முழுக்க "ப்ரைஸ் ப்ளீஸ்" என்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி, அதில் பெரும்பாலோர் விலை கேட்டதும் மறைந்துபோக, கடைசியில் தையல் மெஷினில் உட்கார வேண்டிய நேரம் போனில் கரைகிறது. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே வராது. விலை தெரியாத பொருளை நடுத்தரக் குடும்பத்துப் பெண் தன் பட்ஜெட்டுக்கு மீறியது என்றுதான் எடுத்துக்கொள்வாள். சட்டமும் வெளிப்படைத்தன்மையின் பக்கமே நிற்கிறது: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள், மொத்த விலையையும் அதில் சேர்ந்த கட்டணங்களையும் வாங்குபவருக்கு முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. படத்திலேயே விலை, கூரியர் கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற மூன்றையும் எழுதிவிடுபவருக்கு வரும் மெசேஜ் குறைவு. வருகிற மெசேஜ் ஆர்டராக இருக்கும்.

பக்கம் நம்முடையது என்று நினைப்பதுதான் ஆபத்தானது. 2020 ஜூன் 29 இரவு மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் அதை நம்பி அழகு நிலையமும் துணிக்கடையும் நடத்தியவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஆட்களை ஒரே இரவில் இழந்தார்கள். 2018 ஜனவரியில் மார்க் ஜுக்கர்பெர்க், ஃபேஸ்புக்கில் நிறுவனப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். பல கடைகளின் பதிவுகள் அவர்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கே தெரியாமல் போயின. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. வாடகை வீட்டுச் சுவரில் சொந்தக் காசில் ஓவியம் வரைவதைப் போன்றது இது. வரையலாம், ஆனால் வீட்டுக்காரர் எப்போது சுண்ணாம்பு அடிப்பார் என்று தெரியாது.

எனவே ஒருமுறை வாங்கியவரின் பெயர், போன் நம்பர், ஊர், என்ன வாங்கினார் என்பதை ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ எழுதி வைப்பது மிக அவசியம். அதையும் போனுக்கு உள்ளே மட்டும் வைத்தால் போதாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது, இலவசம். கேட்லாக் போடலாம், தயார் பதில்கள் வைக்கலாம். பலர் கவனிக்காத ஒரு விஷயம் அதன் பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். "எல்லாருக்கும் அனுப்பினேன், யாரும் திரும்பிப் பார்க்கல" என்று குறைப்படுபவர்களில் பலருடைய செய்தி போய்ச் சேரவே இல்லை. பார்சலுக்குள் வைக்கும் சின்னச் சீட்டில் "எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்" என்று அச்சடித்து வைப்பது நல்ல பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாதவர்களைக் கேட்காமல் குரூப்பில் தூக்கிப் போடுவது நேரெதிர் வேலை செய்யும். அவர்கள் பிளாக் செய்து புகார் கொடுத்தால் நம்பரே முடக்கப்படலாம்.

பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் பற்றி இரண்டு துருவங்கள். ஒரு சாரார் "பூஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும்" என்கிறார்கள். இன்னொரு சாரார் அது முழுக்க ஏமாற்று என்கிறார்கள். இரண்டுமே கணக்குப் போடாமல் பேசும் பேச்சு. 700 ரூபாய்ப் புடவை ஒன்றில் கொள்முதல், பேக்கிங், கூரியர் போக 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய். அதிலிருந்து ஆறு ஆர்டர் வந்தால் ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு ஏறக்குறைய 197 ரூபாய். ஆறு புடவை விற்றும் கைநஷ்டம். அதே ஆறு பேரில் இரண்டு பேர் தீபாவளிக்கு, விளம்பரம் எதுவும் இல்லாமல், திரும்பி வந்து ஆளுக்கொன்று வாங்கினால் எட்டுப் புடவை, 1,200 ரூபாய். செலவு கைக்கு வந்துவிடும். மூன்றாவது ஆளும் வந்தால்தான் லாபம் என்ற பேச்சே. விளம்பரத்தின் வெற்றி விளம்பரத்துக்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது என்பதை இந்தச் சின்னக் கணக்குப் போட்டுக் காட்டும்போது பலரும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பூஸ்ட் செய்வதானால் ஊர், வயது இரண்டையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். லைக்குக்காக அல்ல, மெசேஜ் வருவதற்காக என்று இலக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே காசில்லாமலே நன்றாக ஓடிய பதிவுக்குத்தான் காசு போட வேண்டும்.

ஆரி வேலைக்காரர்களுக்குக் காலமும் முக்கியம். ஆடியில் விளம்பரம் செய்தால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பிளவுஸ் தைக்கிறவர்கள் வருவார்கள். ஆவணியில் செய்தால் கைநிறைய வேலை இருக்கும்போது புது ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகும். தினமும் போஸ்ட் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் இந்தப் பருவத்தைக் கவனிப்பதில்லை.

உணவும் எண்ணெயும் விற்பவர்களிடம் கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "இது என் சொந்தப் பக்கம், இதில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்" என்ற எண்ணம் தவறு. செக்கு எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போகும், இந்தக் கஞ்சி மாவு புற்றுநோயைத் தீர்க்கும் என்று ஸ்டேட்டஸ் போடுவது விளம்பரம்தான். இந்த நோய்களைக் குணமாக்கும் மருந்தென்றோ மந்திரமென்றோ விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஸ்டேட்டஸை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஒரு முதியவரை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு தேவை. அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் பக்கத்திலும் போட்டுவிட்டு, எந்த ஊர் எள், எந்த மாதம் ஆட்டியது என்று உள்ளதைச் சொன்னாலே நம்பிக்கை வரும்.

ஆர்டர் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஐம்பது கிலோ இனிப்பு கேட்பார்கள். முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கலாம், தாமதம் கூடக்கூட மீட்பது கடினம்.

குறை சொல்லும் கமெண்டை அழித்துவிட்டால் குறை போய்விடும் என்பது மற்றொன்று. நைட்டி விற்பவரின் பதிவில் ஒருவர் "போட்டோவுல மெரூன், வந்தது பிரவுன்" என்று எழுதினார். அழிக்கலாமா என்று கேட்டார் அவர். வேண்டாம், அங்கேயே பதில் எழுதுங்கள் என்றேன். "அக்கா, லைட் வெளிச்சத்துல கலர் மாறித் தெரிஞ்சிருக்கு, மன்னிச்சிடுங்க. திருப்பி அனுப்புங்க, கூரியர் காசு எங்க பொறுப்பு" என்று எழுதினார். பதிலைப் பார்த்து அதே பதிவில் வேறு இருவர் அளவு விசாரித்தார்கள். அன்றிலிருந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறார். "பார்சல் திறக்கும் வீடியோ இல்லாவிட்டால் மாற்றித் தரமாட்டோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததையும் தளர்த்தினார். மோசடிக்காரர்கள் இருப்பதால் விற்பவர்கள் அந்த நிபந்தனை போடுவது புரிகிறது. ஆனால் முதல்முறை வாங்கும் அறுபது வயது அம்மாவுக்கு ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் போனும் பிடித்து வீடியோ எடுக்க வராது.

பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் "எங்களை எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டு நோட்டில் எழுதுவது. ஆரி வேலை செய்பவர் ஒரு முகூர்த்தப் பருவம் முழுக்க இதைச் செய்தார். இன்ஸ்டாகிராமில் பார்த்தேன் என்றவர்கள் இருந்தார்கள். கூகுள் மேப்பில் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும் பகுதியினர் சொன்னது, "எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல பார்த்தேன்", "கூட வேலை செய்யற டீச்சர் போட்டிருந்தாங்க" என்பதுதான். அப்படி வந்தவர்களும் கடைக்கு வரும் முன் அவருடைய பக்கத்தைத் திறந்து வேலைப்பாட்டையும் விலையையும் சரிபார்த்திருந்தார்கள். இப்போது அவர் தினமும் ரீல்ஸ் போடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு பதிவு, முடித்த பிளவுஸின் முன்பக்கம், பின்பக்கம், கை வேலைப்பாடு, ஆன நாள், ஆன விலை. மிச்ச நேரத்தில் துணை வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சர்தோசி வேலை கற்றுக்கொடுக்கிறார். தை மாதத்துக்கு இப்போதே முன்பதிவு தொடங்கியிருக்கிறது.